லயத்துக் காம்பராவில் எத்தனை பாய்?

ஹல்துமுல்லையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பழைய லயத்துக் காம்பரா ஒன்றின் அளவைக் கேட்டால் 'பத்துக்குப் பன்னிரண்டு' என்று பதில் வரும். அடி என்ற சொல்லைச் சேர்க்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கும் அது தெரியும். அதே வீட்டில் கொழுந்துக் கணக்கு கிலோவில் பேசப்படுகிறது, பாண் இறாத்தலில் வாங்கப்படுகிறது, கோயிலுக்குப் பூ முழத்தில் போகிறது. தோட்டத்தைப் பற்றிப் பேசும்போது ஏக்கர். கம்பனியின் ஆண்டறிக்கையில் ஹெக்டயர். வீடு கட்டக் கிடைக்கும் காணிக்கு பேர்ச்சஸ். ஒரே நாளுக்குள் இத்தனை அளவை முறைகளுக்குள் புகுந்து வெளியே வருகிறவர்கள் இந்த மக்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது எது அப்படியே நிற்கிறது, எது நழுவிப் போகிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

அதற்காக இந்தப் பத்துக்குப் பன்னிரண்டை ஜப்பானியத் தச்சரின் அளவுகோலுக்கு மாற்றிப் பார்க்கலாம். மீட்டரைச் சட்டமாக்கிய பிறகும் மரபு அளவில் வீடு கட்டுவதை விடாத நாடு ஜப்பான். அவர்களுடைய அடிப்படை அலகான ஷாகு நம்முடைய அடியைவிட மயிரிழைதான் குறைவு. கிட்டத்தட்டச் சமமான இரண்டு அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் மாற்றக் கணக்கின் நுட்பங்கள் கண்ணில் படும்.

ஷாகுவில் பத்தில் ஒன்று சுன். சுன்னில் பத்தில் ஒன்று பு. அதிலும் பத்தில் ஒன்று ரின். கீழே இறங்குவது முழுக்கப் பத்துப் பத்தாக. மேலே ஏறும்போது மட்டும் ஆறு ஷாகு சேர்ந்து ஒரு கென். ஒரு கென்னுக்கு ஒரு கென் சதுரம் ஒரு ட்சுபோ. ததாமி என்ற தடித்த வைக்கோற் பாய் இரண்டை அருகருகே போட்டால் அந்தச் சதுரம் நிரம்பிவிடும். அடிக்குப் பன்னிரண்டு அங்குலம், அங்குலத்துக்கு எட்டு நூல் என்று கணக்குப் போடும் நமது பாஸ்மாருக்கு, சுன்னும் புவும் மீட்டரைவிட எளிதாகவே கைக்கு வரும் என்று நினைக்கிறேன்.

1885-இல் ஜப்பான் மீட்டர் உடன்படிக்கையில் சேர்ந்தது. 1890-இல், தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கிய அதே ஆண்டில், மீட்டரின் மூலப்படிவங்களில் ஒன்று பிரான்சிலிருந்து ஜப்பானுக்குப் போய்ச் சேர்ந்தது. மறு ஆண்டு, 1891-இல், நிறுத்தல் முகத்தல் அளத்தல் சட்டம் வந்தது. ஒரு ஷாகு என்பது மீட்டரின் 33-இல் 10 பங்கு என்று அந்தச் சட்டம் வரையறுத்தது. அதாவது 33 ஷாகுவும் 10 மீட்டரும் ஒன்று. இதில் தோராயம் எதுவும் இல்லை. 0.30303 என்று தசமத்தில் எழுதினால் அந்த மூன்றுகள் முடிவில்லாமல் ஓடும். பின்னமாக எழுதினால் கணக்கு கச்சிதமாக நிற்கும். மாற்றக் கணக்குப் போடுகிறவர் முதலில் கற்க வேண்டிய பழக்கம் இது. பின்னத்தைக் கடைசி வரை கையில் வைத்திருந்து, தசமத்துக்கு இறுதியில் மட்டும் போக வேண்டும்.

மீட்டரிலிருந்து ஷாகுவுக்குப் போக 3.3-ஆல் பெருக்கினால் போதும். தாளும் வேண்டாம்: மூன்றால் பெருக்கி, வந்த விடையின் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்துவிடலாம். பத்து அடி என்பது 3.048 மீட்டர். மும்மடங்கு 9.144. அதில் பத்தில் ஒன்று 0.9144. கூட்டினால் 10.0584 ஷாகு. தச்சர் இதை '10 ஷாகு 5 பு 8 ரின்' என்று வாசிப்பார். பன்னிரண்டு அடிக்கு 3.6576 மீட்டர், அது 12 ஷாகு 7 பு. இரண்டு கென் என்பது 12 ஷாகு. ஆகவே காம்பராவின் நீளம் இரண்டு கென்னுக்கு மேல் சுமார் இரண்டு சென்ரிமீட்டர்தான் அதிகம்.

அடிக்கும் ஷாகுவுக்கும் வித்தியாசம் 1.8 மில்லிமீட்டர். இதைக் கணக்கில் எடுக்காமல் 'ஓர் அடியும் ஒரு ஷாகுவும் ஒன்றே' என்று சொல்லிவிட்டால் என்ன? ஒரு கதவு நிலைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வரிசையில் பன்னிரண்டு காம்பரா உள்ள லயத்தை எடுத்துக்கொள்வோம். சுவர்த் தடிப்பை விட்டால் 120 அடி. ஷாகுவில் அது 120.7. அந்த 0.7 ஷாகு, அதாவது 7 சுன், 21 சென்ரிமீட்டர். ஒரு சுவரின் தடிப்பு அது. அலகுக்கு இரண்டு மில்லிமீட்டர் கூட இல்லாத பிழை, கட்டடத்தின் கோடிக்குப் போகும்போது கூரையின் கடைசித் தகரத்தைச் சுவருக்கு வெளியே தள்ளிவிடும். பிழை சிறியதா பெரியதா என்று அலகைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது எத்தனை தடவை திரும்ப வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

33 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஜப்பானில் அதுவரை ஒரே ஒரு ஷாகு இருக்கவில்லை. கோலுக்குக் கோல் சற்று வித்தியாசம். இனோ ததாதகா என்ற நில அளவையாளர், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு 1800-இல் தொடங்கி 1816 வரை ஜப்பானின் கரையோரத்தின் பெரும்பகுதியைக் கால்நடையாக அளந்து வரைபடமாக்கியவர். வழக்கிலிருந்த இரண்டு கோல்களுக்கு இடைப்பட்ட ஓர் அளவை அவர் தம் வேலைக்கு வைத்துக்கொண்டார் என்பது ஜப்பானிய அளவை வரலாற்றில் வழக்கமாகச் சொல்லப்படுவது. மெய்ஜி அரசு ஏற்றுக்கொண்ட ஷாகு அதன் வழி வந்தது. அது மீட்டரில் 0.303-ஐ ஒட்டி நின்றதால், 33-இல் 10 என்ற எளிய பின்னத்துக்குள் அழகாக அமர்ந்தது.

இங்கே ஒரு எண் விளையாட்டு இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்தது என்பதால் அதைக் கடந்துபோக மனமில்லை. ஒரு கென் ஆறு ஷாகு, அதாவது மீட்டரில் 20-இன் கீழ் 11. அதை வர்க்கித்தால் ஒரு ட்சுபோ 400-இன் கீழ் 121 சதுர மீட்டர். திருப்பிப் போட்டால் ஒரு சதுர மீட்டர் 0.3025 ட்சுபோ. ஜப்பானில் வீடு, காணி விற்கிறவர்களுக்கு இந்த 0.3025 மனப்பாடம். இப்போது நமது பேர்ச்சுக்கு வருவோம். ஒரு பேர்ச் என்பது ஐந்தரை யார் பக்கமுள்ள சதுரம்; பரப்பு 30.25 சதுர யார். அதே இலக்கங்கள், புள்ளி மட்டும் நகர்ந்திருக்கிறது. இரண்டிலும் ஒளிந்திருப்பது 11-இன் வர்க்கம். ஜப்பானில் 33-க்குள் இருந்து அது வந்தது. இங்கிலாந்திலோ, பழைய நீண்ட அடியில் 15 அடியாக இருந்த கோலை அப்படியே வைத்துக்கொண்டு அடியை மட்டும் பதினொன்றில் பத்தாகச் சுருக்கியதால் கோல் பதினாறரை அடியானது என்பது அளவை வரலாற்றாசிரியர்கள் தரும் விளக்கம். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனாலும் பழைய நில அளவைப் படங்களில் ஏக்கர், ரூட், பேர்ச் என்று மூன்று நிரல்கள் போட்டு எழுதிய அளவையாளருக்கு ட்சுபோக் கணக்கு கிட்டத்தட்டக் கைவந்ததுதான். ஒரு பேர்ச் 25.29 சதுர மீட்டர், 7.65 ட்சுபோ. 2015-க்குப் பிறகு தோட்டத்துக் குடும்பங்களுக்கென்று பேசப்பட்ட ஏழு பேர்ச்சஸ் 177 சதுர மீட்டர், ஏறக்குறைய 53 ½ ட்சுபோ.

இனி தலைப்பில் கேட்ட கேள்வி. பத்துக்குப் பன்னிரண்டு என்றால் 120 சதுர அடி, 11.15 சதுர மீட்டர், 3.37 ட்சுபோ. ஒரு ட்சுபோவுக்கு இரண்டு பாய். எனவே ஆறே முக்கால் பாய். கணக்குச் சரி. ஆனால் கியோத்தோவில் ஒருவரிடம் கேட்டால் 'ஆறு பாய்க்குச் சற்றே மேல்' என்பார். தோக்கியோவில் கேட்டால் 'ஏழு பாய்க்கு மேல்' என்பார். மூன்றும் உண்மையே.

காரணம் பாயின் அளவில் இருக்கிறது. கியோத்தோப் பாயின் நீளம் 6.3 ஷாகு, தோக்கியோவின் பழைய வழக்கப் பாய் 5.8 ஷாகு, இரண்டிலும் அகலம் நீளத்தில் பாதி. வித்தியாசம் வீடு கட்டும் முறையிலிருந்து வருகிறது. கியோத்தோ வழக்கில் பாய்தான் முதலில்: பாய்களை விரித்தால் எவ்வளவு இடம் வருமோ அதைச் சுற்றித் தூண்கள் நிற்கும். தோக்கியோ வழக்கில் தூணின் மையத்திலிருந்து அடுத்த தூணின் மையத்துக்கு ஒரு கென் என்று முதலில் குறித்துவிடுவார்கள். தூணின் தடிப்புப் போக மிஞ்சுகிற இடத்துக்கேற்பப் பாய் சுருங்கும். ஒன்றில் உள்ளளவு ராஜா, மற்றதில் மைய அளவு. லயத்துக் காம்பராவின் பத்துக்குப் பன்னிரண்டு எது? சுவருக்கு உட்புறமா, சுவரின் நடுவிலிருந்தா? இதைக் கேட்காமல் போடும் மாற்றக் கணக்கு எத்தனை தசமத்துக்குப் போனாலும் பயனில்லை. அலகு மாற்றும் முன் அந்த எண் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை அளக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மேசன் பாஸ் நாடாவை எங்கே பிடித்தார் என்பதுதான் முதற் கேள்வி.

ஜப்பானிய வீட்டில் ஆறு பாய் அறை என்பது மிகப் பழக்கமான அளவு: இரண்டு கென்னுக்கு ஒன்றரை கென். நமது காம்பராவின் நீளம் அதனோடு ஒத்துப்போகிறது. அகலத்தில் ஓர் அடி கூடுதல். எண்களை மட்டும் பார்த்தால் லயத்துக் காம்பரா ஒரு சாதாரண ஜப்பானிய அறைதான். நாலரைப் பாய், அதாவது ஒன்றரை கென் சதுரம், அவர்களுடைய தேநீர்ச் சடங்கு அறைக்குரிய மரபு அளவு. தேநீர்க் கலையின் பேராசானான சென் நோ ரிக்யூ, 16-ஆம் நூற்றாண்டில், அதையும் சுருக்கி இரண்டே பாயில் அறை அமைத்தார். கியோத்தோவுக்கு அருகே யமசாகியில் உள்ள தாய்-ஆன் என்ற அந்த அறை இன்று ஜப்பானின் தேசியச் செல்வம். விருந்தினர் ஓரிருவர் வந்து, ஒரு கிண்ணம் தேநீர் குடித்து, எழுந்து போவதற்கான இடம் அது. லயத்திலோ அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளின் படிப்பும் பெரியவர்களின் நோயும் ஒரே காம்பராவுக்குள். பக்கத்துக் காம்பராவின் சுவர் இங்கேயும் சுவர். ரிக்யூவின் அறை சிறியது, ஏனென்றால் அவர் அப்படி விரும்பினார். பத்துக்குப் பன்னிரண்டை அதில் வாழப் போகிறவர்கள் யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. சதுர மீட்டர் இந்த வேறுபாட்டைக் காட்டாது. அதை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஐந்து பேர் இருந்தால் தலைக்கு ஒன்றேகால் பாய்க்குச் சற்று மேல்.

ஜப்பானில் மரபு அளவுகளை வியாபாரத்தில் பயன்படுத்துவது 1959 ஜனவரி 1 முதல் தடைப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில்தான் ஆங்கிலம் பேசும் நாடுகள் சேர்ந்து ஓர் அடியைச் சரியாக 0.3048 மீட்டர் என்று நிலைநிறுத்தின. மேலே நாம் போட்ட கணக்கு கச்சிதமாக வந்தது அதனால்தான். கட்டடத்துக்கும் நிலத்துக்கும் ஜப்பான் 1966 வரை சலுகை கொடுத்தது. அதன் பிறகு ஷாகு குறித்த கோலை விற்பதே குற்றம் என்ற நிலை வந்தது. 1970-களில் வானொலியாளரும் பாடலாசிரியருமான எய் ரொகுசுகே தச்சர்களுக்காகக் குரல் எழுப்பினார். கோலில் அளவு குறிக்காவிட்டால் கைத்தொழிலே அழியும் என்பது அவர் வாதம். அரசு இறங்கி வந்தது. வந்த விதம் நுட்பமானது. சுன் குறித்த கோல்களை விற்கலாம், ஆனால் அதில் '33-இல் 1 மீட்டர்' என்று எழுத வேண்டும். சட்டத்துக்கு அது மீட்டர் கோல், தச்சருக்கு அது சுன் கோல். அளவை வரலாற்றில் இதைவிடப் பண்பான சமரசத்தை நான் அறியேன்.

சட்டம் மாறியும் வீட்டின் உள் ஒழுங்கு மாறவில்லை. இன்று ஜப்பானிய வீட்டு வரைபடங்கள் மில்லிமீட்டரில் இருக்கும். ஆனால் திரும்பத் திரும்ப வரும் எண்கள் 910, 1820. மூன்று ஷாகு 909.09 மில்லிமீட்டர், அதை 910 ஆக்கினார்கள். ஒட்டுப்பலகை ஷீற்றும் 910-க்கு 1820. நமது ஹார்ட்வெயார் கடைகளில் 8-க்கு 4 என்று கேட்டு வாங்கும் ஷீற்றில் 2440-க்கு 1220 என்று இருப்பதும் இதே கதை. நாலடி என்பது 1219.2. பழைய எண் புதிய சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளே அப்படியே இருக்கிறது.

மாற்றக் கணக்குப் போடுகிறவர் இங்கே ஒரு முடிவெடுக்க வேண்டும்: அளவைக் காப்பாற்றுவதா, ஒழுங்கைக் காப்பாற்றுவதா? இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் மலையகத்தில் கட்டப்பட்ட வீடுகளின் பரப்பு 550 சதுர அடி என்பது எல்லாருக்கும் தெரிந்த எண். அது 15.46 ட்சுபோ. எந்த ஜப்பானியத் தச்சரும் 15.46-இல் வீடு கட்ட மாட்டார். மூன்று கென்னுக்கு ஐந்து கென் என்று 15-க்கு இறங்குவார். இல்லையென்றால் மூன்றரைக்கு நாலரை என்று 15.75-க்கு ஏறுவார். முதலாவதில் 534 சதுர அடி, இரண்டாவதில் 560. அளவை அப்படியே மாற்றினால் ஒவ்வொரு பலகையையும் வெட்டியெறிய வேண்டும். ஒழுங்குக்கு மாற்றினால் பலகை வீணாகாது, ஆனால் குடும்பத்துக்கு 16 சதுர அடி குறையும், அல்லது 10 கூடும். நான் ஏறுகிற பக்கம்தான் நிற்பேன்.

ஜப்பானியத் தச்சரின் மூலைமட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த அத்தியாயம் முழுமையாகாது. முன்புறம் சாதாரண ஷாகு, சுன். பின்புறம் அதே எண்கள், ஆனால் ஒவ்வொன்றும் இரண்டின் வர்க்கமூல மடங்கு, அதாவது 1.414 மடங்கு, நீட்டிப் பொறிக்கப்பட்டவை. ஒரு உருண்டை மரத்தின் வெட்டுமுகத்தில் குறுக்காகப் பின்புற அளவை வைத்தால், அதில் கிடைக்கும் எண்ணே அந்த மரத்திலிருந்து எடுக்கக்கூடிய மிகப் பெரிய சதுர உத்தரத்தின் பக்கம். சதுரத்தின் மூலைவிட்டம் பக்கத்தின் 1.414 மடங்கு என்ற பைதகரஸ் கணக்கைக் கோல் தானே போட்டுத் தருகிறது. பதினாலு அங்குலக் குறுக்குள்ள யூகலிப்டஸ் மரமானால் பத்து அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாகச் சதுரம் கிடைக்கும். இந்த மடங்கு அடியிலும் மீட்டரிலும் ஷாகுவிலும் ஒன்றேதான். விகிதத்துக்கு அலகு இல்லை. எனவே மாற்றவும் வேண்டாம்.

ஹல்துமுல்லைக்கு மிக அவசியமான அளவும் ஒரு விகிதம்தான்: சரிவு. ஜப்பானியத் தச்சர் கூரைச் சாய்வைப் பாகையில் சொல்வதில்லை. ஒரு ஷாகு கிடையாகப் போனால் எத்தனை சுன் ஏறும் என்று சொல்வார். நான்கு சுன் என்றால் பத்துக்கு நான்கு, ஏறக்குறைய 22 பாகை. ஐந்து சுன் என்றால் பத்துக்கு ஐந்து, 26 ½ பாகை. கூரைக்குச் சொல்லும் இதை மலைக்கும் சொல்லலாம்.

2014 ஒக்டோபர் 29 காலை, ஹல்துமுல்லைப் பிரதேசத்தைச் சேர்ந்த கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. ஜப்பானின் ஜெய்கா நிறுவனமும் அந்த நிறுவனத்தோடு சேர்ந்து பதுளை மாவட்டத்தில் மண்சரிவைத் தணிக்கும் வேலைகளைச் செய்திருக்கிறது. இப்படியான மாவட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் என்று காகிதத்தில் எழுதினால் அதன் பொருள் என்ன?

நில அளவையாளர் தரும் பரப்பு எப்போதும் கிடைப்பரப்பு. மலைச்சரிவின் மேல் நாடாவைப் படுக்கவைத்து அளந்தால் அதிகமாக வரும். அதனால்தான் அளவையாளர் சங்கிலியை மட்டமாகப் பிடித்து, நுனியில் தூக்குக்குண்டை இறக்கி, படிப்படியாக அளப்பார். ஏழு பேர்ச்சஸ் 1905.75 சதுர அடி. நாற்பது அடி அகலம் என்று வைத்தால் மலையேறும் பக்கம் 47 ½ அடிக்குச் சற்று மேல். ஐந்து சுன் சரிவில் மண் மீது நடந்து பார்த்தால் அது 53 அடி. மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் உயர வித்தியாசம் 23 ¾ அடி. அந்தக் காணியில் 550 சதுர அடி வீட்டை, இருபது அடி ஆழத்தில், வைக்க மட்டமான தளம் வேண்டும். இருபது அடி உள்ளே போனால் மலை பத்தடி ஏறிவிடும். முழுக்க வெட்டினால் வீட்டின் பின்னால் பத்தடி மண்சுவர் நிற்கும். பாதி வெட்டிப் பாதி நிரப்பினால் பின்னால் ஐந்தடி வெட்டு, முன்னால் ஐந்தடி நிரப்பு. முன்னால் நிரப்பிய மண் மழையில் இறுகாமல் இருக்கும். பின்னால் வெட்டிய முகம் தாங்கலை இழந்திருக்கும். இரண்டுக்கும் தாங்குசுவரும் நீர் வடியும் கானும் வேண்டும். அந்தச் செலவு பேர்ச்சஸ் என்ற எண்ணில் எங்கும் இல்லை.

காணி உறுதியில் பரப்புக்குப் பக்கத்தில் சரிவையும் எழுத வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பத்துக்கு எத்தனை என்ற ஒரே ஓர் எண் போதும், எந்த அளவை முறையில் வளர்ந்தவருக்கும் அது விளங்கும். ஏழு பேர்ச்சஸ், பத்துக்கு ஐந்து என்றால் பத்தடி வெட்டு. ஏழு பேர்ச்சஸ், பத்துக்கு மூன்று என்றால் அதே வீட்டுக்கு ஆறடி. பத்துக்கு ஒன்று என்றால் இரண்டடி. குடும்பத்தவர்கள் மண்வெட்டியோடு சில வார இறுதிகளில் தாங்களே முடித்துவிடலாம்.